க்ரூஸ் மாவட்டத்துச் சொலான்ஜ் அக்கா

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் தேநீர் இடைவேளை. அறியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. மருத்துவமனையிலிருந்து பேசிய பெண் வேகமான பிரெஞ்சில் சொன்னதில் மூன்று விஷயங்கள்தான் எனக்குப் பிடிபட்டன: மதாம் மினாச்சி, இதயம், இன்று விடிய. பிறகு அவர் பேச்சை நிறுத்தி, நிதானமாகக் கேட்டார்:

"நீங்கள் அவருடைய சகோதரிதானே?"

"ஓம்" என்றேன், தமிழில். அந்தப் பெண்ணுக்கு அது எப்படி விளங்கியதோ, அனுதாபம் தெரிவித்துவிட்டு, நான் கொண்டு வரவேண்டிய கடதாசிகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

நான் சொலான்ஜ் அக்காவின் சகோதரி இல்லை. பத்து வருடங்களாக அவரோடு ஒரே மேசையில் பொதி கட்டியவள். அவ்வளவுதான். ஆனால் மருத்துவமனைப் படிவத்தில், அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் என்ற இடத்தில் அவர் என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் சகோதரி என்று எழுதியிருந்தார். அதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வரும் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். பாடகர் குழுவில் கடைசியில் நிற்கும் உயரமான பெண்மணி. பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த தமிழ்ப் பாட்டுகளைத் தலை நிமிராமல் பாடுவார். அவர் பாண்டிச்சேரி என்று சிலர் நினைத்தீர்கள். மொரீசியஸ் என்று சிலர். செத்தவீட்டன்றுகூட ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளை, அவ உண்மையில எந்த ஊர்?" என்று கேட்டார். தேநீர் கொண்டுவருகிறேன் என்று நழுவிவிட்டேன். தெரியாமல் இல்லை. தெரிந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் குழப்பம் இதை எழுதும்போதும் தீரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவருடைய பெயர் அட்டையைப் பார்த்தேன். சொலான்ஜ் மினாச்சி. கறுத்த முகம், எங்கள் ஆட்களின் நெற்றி. மினாச்சி என்றால் மீனாட்சி அல்லாமல் வேறென்ன? சந்தோஷத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்: "அக்கா, நீங்கள் எவடம்?"

அவர் சிரித்தார். விளங்கவில்லை என்று கையால் காட்டினார். பிரெஞ்சில் கேட்டேன். "க்ரூஸ்" என்றார். அந்தச் சொல்லின் நடுவில் வரும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. என் காதில் குரூஸ் என்று விழுந்தது. மன்னார்ப் பக்கத்தில் குரூஸ் என்று குடும்பங்கள் உண்டு. ஊரைக் கேட்டால் ஏன் இவர் குடும்பப் பெயரைச் சொல்கிறார் என்று யோசித்தேன். "அது என் département" என்று அவர் விளக்கினார். அது இன்னும் மோசம். எங்கள் இலங்கையில் அந்தச் சொல்லுக்கு அரசாங்கத் திணைக்களம் என்றுதானே பொருள்? விவசாயத் திணைக்களமா, நீர்ப்பாசனத் திணைக்களமா என்று கேட்டேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. எங்களுக்குள் பேச்சு எப்போதும் பிரெஞ்சுதான். அவர் சொன்னவற்றை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

பிரான்சை département என்ற மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். புரட்சிக் காலத்தில் பழைய மாகாணங்களை உடைத்துச் செய்த பிரிவினை அது. க்ரூஸ், நாட்டின் நடுவில், கடலுக்கு எட்டாத ஒரு மாவட்டம். வேலை குறைந்த நாட்களில் சொலான்ஜ் அக்கா பொதி சுற்றும் மண்ணிறக் கடதாசியைக் கிழித்து அதை எனக்கு வரைந்து காட்டுவார். இது க்ரூஸ் ஆறு. இதன் பெயரைத்தான் மாவட்டத்துக்கு வைத்தார்கள். பள்ளம், குடைவு என்று பொருள். ஆறு அவ்வளவு ஆழமாகப் பாறையைக் குடைந்து போகிறது. இது கெரே, தலைநகர். இது ஓபுய்சோன், கம்பளியில் சித்திரத் திரைச்சீலை நெய்யும் ஊர். தெற்கே ஒரு மேட்டுநிலம், அதன் பெயரில் ஆயிரம் பசு இருக்கிறது. "ஆனால் அந்தப் பெயருக்கும் பசுவுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். ஊற்றுகளைச் சொல்கிறதாம். எது சரி என்று எனக்குத் தெரியாது. நான் பசுவையும் பார்த்தேன், ஊற்றையும் பார்த்தேன்" என்பார்.

கல் மட்டும்தான் தாராளம் என்பார். கருங்கல் மண்ணில் விளைச்சல் போதாமல், அந்த மாவட்டத்து ஆண்கள் வசந்தம் பிறந்ததும் கொத்துக்கரண்டியோடு பாரிசுக்கு நடந்தே போவார்களாம். அங்கே மாளிகைகள் கட்டிவிட்டுக் குளிருக்கு ஊர் திரும்புவார்கள். பிறகு குளிருக்கும் திரும்பாமல் விட்டார்கள். இன்று அந்த மாவட்டத்தில் ஒரு காலத்தில் இருந்த சனத்தில் பாதிகூட இல்லை. ஒருநாள் இதைச் சொல்லி முடித்து, கடதாசியை மடித்தபடி, சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார்:

"ஆட்கள் போய்விட்ட இடம். அதனால்தான் எங்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்."

எங்களை என்றால் யாரை என்று அன்றுதான் கேட்டேன்.

ரெயூனியன் இந்து சமுத்திரத்தில் ஒரு தீவு. கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறைய. மொழி போய்விட்டது, பெயர்களும் கோவில்களும் மிச்சம். அந்தத் தீவும் பிரான்சின் ஒரு மாவட்டம்தான், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தாலும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கிருந்த ஏழைப் பிள்ளைகளைப் பெருந்தொகையாக விமானத்தில் ஏற்றிப் பிரான்சின் வெறுமையான மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். அதிகமானவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று க்ரூஸ். பல வருடங்களுக்குப் பிறகு, அது தவறு என்று அந்த நாட்டு நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது.

சொலான்ஜ் அக்காவுக்கு அப்போது ஆறு வயது. ஒரு கார் வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண் நல்ல சட்டை போட்டிருந்தாள். படிக்க வைப்போம், விடுமுறைக்கு அனுப்புவோம் என்றாள். வாசிக்கத் தெரியாத தாய் கடதாசியில் பெருவிரலை வைத்தார். மூன்று வயதுத் தம்பி ரெனே காருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினான். விடுமுறை வரவில்லை. உன் தாய் இறந்துவிட்டாள் என்று கெரேயில் யாரோ சொன்னார்கள். தாய் இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் உயிரோடிருந்தார் என்பது, அவர் உண்மையிலேயே இறந்த பிறகுதான் சொலான்ஜ் அக்காவுக்குத் தெரியவந்தது.

இதைக் கேட்டு நான் அழுதேன். அவர் அழவில்லை. தன்னை வளர்த்த பண்ணைக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மாட்டுக் கொட்டிலுக்கு மேலே இருந்த அறை எவ்வளவு கதகதப்பு, அந்த வீட்டு மகள் மட்லேன் எப்படித் தன் சப்பாத்துகளை இவருக்கு விட்டுக்கொடுத்தாள், செஸ்ட்நட் கொட்டைகளைச் சாம்பலில் சுட்டால் என்ன வாசம். கேட்கக் கேட்க எனக்கு விளங்கவேயில்லை. களவெடுத்துக் கொண்டுபோன இடத்தை ஒருவர் எப்படிச் சொந்த ஊர் என்று சொல்வார்?

எங்கள் களஞ்சியத்திலிருந்து மேப்பிள் பாகு தகரங்கள் பிரான்சுக்குப் போகும். விலாசத்திலுள்ள தபால் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே மாவட்டத்தைக் காட்டிவிடும். இருபத்துமூன்று என்று தொடங்கினால் அது க்ரூஸ். அந்தப் பொதியை வேறு யாரும் தொட விடமாட்டார். தானே சுற்றி, ஊர்ப் பெயரை உரக்க வாசித்து, அங்கே தேவாலயம் எந்தப் பக்கம், சந்தை எந்தப் பக்கம் என்று சொல்லித்தான் அனுப்புவார். ரெயூனியனுக்கு எப்போதாவது ஒரு பொதி வரும். அதை மெதுவாக என் பக்கம் தள்ளிவிடுவார்.

"ஏன்?" என்று கேட்டேன் ஒருமுறை.

"அந்தத் தெருக்களின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். அதனால்தான்."

அவர் ஒரேயொரு தடவை தீவுக்குப் போயிருக்கிறார். நாற்பது வயதுக்குப் பிறகு. ரெனே விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனார். உறவினர் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவர்கள் பேசிய தீவின் கிரெயோல் மொழி இவருக்கு விளங்கவில்லை. இவர் பேசிய பிரெஞ்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிரான்சிலிருந்து வரும் வெள்ளைக்காரரைச் சொல்ல அங்கே ஒரு சொல் இருக்கிறதாம். அந்தச் சொல்லாலேயே இவரைக் கூப்பிட்டார்கள். மூன்று வாரத்துக்குப் போனவர் எட்டாம் நாள் திரும்பிவிட்டார்.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். உங்களில் பலர் அன்று மண்டபத்தில் இருந்தீர்கள்.

ஏழு வருடத்துக்கு முந்திய கிறிஸ்துமஸ் ஒளிவிழா. சொலான்ஜ் அக்கா எங்கள் பாடகர் குழுவில் சேர்ந்து முதல் முறை மேடையேறிய நாள். பாட்டு முடிந்ததும், குழுவை நடத்தும் மரியதாஸ் அண்ணை என்னிடம் ஒலிவாங்கியைத் தந்து, "தங்கச்சி, அவவை ஒருக்கா அறிமுகப்படுத்திவிடும்" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காரைச் சொன்னேன், பெருவிரலைச் சொன்னேன். "களவாடப்பட்ட எங்கட பிள்ளை இண்டைக்கு எங்களிட்டத் திரும்பி வந்திருக்கு" என்றேன். சனம் எழுந்து நின்று கை தட்டியது. அம்மாமார் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தமிழ் விளங்காத சொலான்ஜ் அக்கா, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அந்தப் பிள்ளை பிரெஞ்சில் சொன்னது.

அவர் மேற்சட்டைகூடப் போடாமல் வெளியே போனார். அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் தரிப்பில் நின்றார். பனி தலைமயிரில் விழுந்துகொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுச் சொன்னாய்?"

"உங்களுக்காகத்தான் அக்கா."

"காரில் வந்த அந்தப் பெண்ணும் எனக்காகத்தான் என்றாள்."

மேற்சட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் வேறு மேசைக்கு மாறியிருந்தார். மூன்று கிழமை ஒரு சொல் இல்லை. நான் செய்தது பிழை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எது பிழை என்று சரியாகப் பிடிபடவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே? ஜனவரியில் ஒருநாள் தாங்க முடியாமல் அவருடைய மேசைக்குப் போனேன்.

"நான் என்ன சொல்லவேண்டும், சொல்லுங்கள்."

"ஒன்றும் சொல்லாதே. என்னிடம் கேள்."

கேட்டேன். ஒரு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "உங்களுக்குக் கோபமே இல்லையா?"

அவர் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தார்.

"இருக்கிறது. ஆனால் கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டுமே. எங்கே கொண்டுபோய் வைத்தாலும், அங்கே யாரோ ஒருவர் எனக்குச் சாப்பாடு தந்திருக்கிறார்."

அடுத்த நாள் என் மேசைக்குத் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கும் வந்தார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மரணத்துக்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர் இருந்த ஒற்றை அறை வீட்டில் உயில் ஒன்று கிடைத்தது. அடக்கம் பற்றிய பகுதியில் ஒரு வரி: ஜெயராணி தீர்மானிப்பாள். ஜெயராணி நான்தான். அடுத்தவரைக் கேட்காமல் தீர்மானித்தேன் என்று என்னோடு மூன்று கிழமை பேசாதிருந்தவர், கேட்கவே முடியாத நேரத்தில் தீர்மானத்தை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

தகனம் முடிந்தது. மொன்றியலில் மார்ச் மாதத்தில் நிலம் கல்லாக இறுகியிருக்கும். மே மாதம் வரை புதைக்க முடியாது. சாம்பல் பேழை என் வீட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வந்தன. காலையில் ரெனே, தீவிலிருந்து. "அக்காவை வீட்டுக்கு அனுப்புங்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும்." மத்தியானம் மட்லேன், க்ரூஸிலிருந்து. "எங்கள் குடும்பக் கல்லறையில் அவளுக்கு எப்போதும் ஓர் இடம் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்."

என் மனம் ரெனே பக்கம்தான் சாய்ந்தது. களவு போனது திரும்பிப் போகட்டும் என்று நினைத்தேன். உடனேயே, மறுபடியும் அதே பேச்சையா பேசுகிறேன் என்று பயம் வந்தது. மரியதாஸ் அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் "அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள ஒருக்காலும் கதைக்கேல்லையே?" என்றார். கதைக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் பெயரளவில் அறிந்ததோடு சரி.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, இருவரையும் காணொளியில் இணைத்தேன். ரெனே வெள்ளைச் சட்டை போட்டு, வாழை மரங்களுக்கு முன்னால் இருந்தார். மட்லேனுக்கு எழுபது வயதிருக்கும். கமராவுக்கு மிகக் கிட்ட இருந்ததால் நெற்றியும் கண்ணாடியும்தான் தெரிந்தன. இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். நான் இடையில் புகுந்து ஏதும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ரெனேதான் முதலில் கேட்டார். "அவள் அங்கே அழுதாளா?"

மட்லேன் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் குளிர்காலம் முழுக்க."

"பிறகு?"

"பிறகு என் கட்டிலுக்கு வந்து படுக்கத் தொடங்கினாள். நித்திரையில் உதைப்பாள். உங்கள் பெயரைச் சொல்லுவாள். ரெனே என்றால் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. மாட்டின் பெயராக்கும் என்று நினைத்தேன்."

ரெனே சிரித்தார். சிரித்தபடியே முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒரு மணித்தியாலம் பேசினார்கள். அக்காவுக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது, என்ன சாப்பாடு பிடிக்காது, முதன்முதலில் பனியைப் பார்த்து என்ன சொன்னாள் என்றெல்லாம் ரெனே கேட்கக் கேட்க, மட்லேன் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரெனே இன்னொன்று கேட்டார்:

"மொன்றியலுக்கு அவளை யார் கொண்டுபோனது?"

"யாரும் கொண்டுபோகவில்லை. வேலை செய்து காசு சேர்த்து, தானே டிக்கெட் எடுத்துப் போனாள். என் அம்மா எவ்வளவோ மறித்தார்."

ரெனே தலையை ஆட்டினார். "அப்படியானால் அங்கேயே இருக்கட்டும். அவள் தானாகப் போன இடம் அது ஒன்றுதான்."

மட்லேன் கழற்றிய கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "உண்மைதான்" என்றார். நான் தீர்மானிக்கவேண்டியதை அவர்கள் இருவரும் தீர்மானித்தார்கள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இந்தத் தடவையும் நான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டிருந்தேன் என்ற வெட்கமும் இருந்தது. பத்து வருடமாக நான் அவரை இரண்டு ஊர்களுக்கு நடுவில் வைத்துத்தான் யோசித்தேன். அவர் இந்த நகரத்தில், என் பக்கத்தில், ஒரே மேசையில் இருந்ததை நான் ஒரு ஊராக எண்ணவேயில்லை.

மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, மலைச் சரிவிலுள்ள மயானத்தில் அடக்கம் நடந்தது. நிலம் இளகி ஈரமாக இருந்தது. உங்களில் இருபது பேரளவில் வந்திருந்தீர்கள். மரியதாஸ் அண்ணையின் குழு அவருக்குப் பிடித்த மாதா பாட்டைப் பாடியது. ரெனேவுக்கு வர வசதிப்படவில்லை. தொலைபேசித் திரையில் நின்றார். மட்லேன் வந்திருந்தார், வாழ்க்கையில் முதல் முறை விமானம் ஏறி. பேழையைக் குழியில் இறக்கியபோது அவர் ஏதோ கிராமத்துப் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

திரும்பிப் போகும் நாளன்று மட்லேன் என்னிடம் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியைத் தந்தார். பண்ணை வீட்டின் மேல்மாடத்தில் கிடந்ததாம். "நான் செத்தால் என் பிள்ளைகள் இதை எறிந்துவிடுவார்கள். நீ வைத்திரு" என்றார்.

சொலான்ஜ் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொப்பிதான். எட்டு வயதுப் பிள்ளையின் புவியியல் கொப்பி. முதல் பக்கத்தில், வரிகளை விட்டு விலகாத உருண்டைக் கையெழுத்தில், "எங்கள் மாவட்டம்" என்று தலைப்பு. கீழே ஆறுகள், தலைநகர், கருங்கல், கொத்தர்கள், ஒன்றும் விடாமல். எதிர்ப் பக்கத்தில் பென்சில் வர்ணம் தீட்டிய க்ரூஸ் வரைபடம். அழகான வரைபடம். ஆனால் பக்கத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, கிடைத்த சிறிய இடத்தில் அந்தப் பிள்ளை உருண்டையாக ஒரு தீவு வரைந்து அதைச் சுற்றி நீலம் தீட்டியிருக்கிறது. ஆசிரியை சிவப்பு மையால் அதை வெட்டிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "பாடத்துக்குப் புறம்பானது."

அதற்குக் கீழே, பென்சிலை அழுத்தி எழுதிய ஒரு வரி இருக்கிறது.

"ஆனால் மிஸ், அதுவும் ஒரு மாவட்டம்தானே."